செமோர் பங்களாவில் அம்மா தலை துவட்டும் படம்

போனவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், அக்கா கமலம், டாக்சி ஓட்டிய மணியம் அண்ணன். 1983-இல் ஒரு வியாழக்கிழமை, சிலிபினிலிருந்து செமோருக்கு அப்பால் இருந்த பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனோம்.

எங்கள் அம்மா அந்தத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். எனக்கு மூன்று வயதில் தவறிவிட்டார். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. வருடா வருடம் படையலில் வெறும் விளக்கைத்தான் அம்மா என்று கும்பிட்டு வந்தோம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானி, எங்கள் அம்மாவை வரைந்த படம் அங்கே இருக்கிறது, சனிக்கிழமை பங்களாவை இடிக்கிறார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். ஞாயிறு போகலாம் என்றார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை அங்கே செங்கல்தான் இருக்கும் என்றேன். லீவு போட்டார்.

போக வர டாக்சி வாடகை இருபது வெள்ளி. காலை எட்டுக்குப் புறப்பட்டோம். செம்மண் பாதையில் வண்டி குலுங்கியது.

"யெக்கா, படம் பாக்கணும்னா டவுன்லயே போலாம்லா. ரப்பர் காட்டுல என்னா படம்?" என்றார் மணியம்.

"நீங்க ரோட்டப் பாருங்க அண்ணே," என்றாள் அக்கா. மடியில் பூமாலையும் குங்குமச் சிமிழும் வைத்திருந்தாள்.

பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணியம்மா கதவைத் திறந்தார். படம் சாப்பாட்டு அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கிட்டப் போனால் நீலமும் பழுப்புமாய்ச் சுண்ணக்கட்டித் தீற்றல்கள் மட்டுமே. நாலடி பின்னால் வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அந்த நேரத்து வெளிச்சத்தை அப்படியே பிடிக்கும் இம்ப்ரஷனிச முறை அது என்று பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்கா சிமிழைத் திறந்தபடி நின்றுவிட்டாள். "என்னாடி இது? முதுகுக்கா பொட்டு வைக்கிறது?"

"அம்மாவான்னு மொதல்ல பாருக்கா."

வெகுநேரம் பார்த்தாள். "அம்மாதான்டி. எடது கையாலதான் தொவட்டும்."

பொட்டைச் சட்டத்தின் மேல்கட்டையில் வைத்து மாலையைப் போட்டோம். எடுத்துப் போகலாமா என்று அந்தோணியம்மாவிடம் கேட்டேன்.

"தோட்டத்து ஆபீசுல கேட்டு வச்சிட்டேன், எடுத்துக்கோ. இன்னொன்னும் இருந்துச்சு தங்கச்சி. அதுல உங்கம்மா நேராப் பாத்துச் சிரிக்கும். ஆபீசுல கணக்கு எழுதுன கிராணி வீட்டுல வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஜெலாப்பாங்ல இருக்காங்கன்னு கேள்வி."

"ஜெலாப்பாங் போங்க அண்ணே," என்றேன். மணியம் மேலே ஐந்து வெள்ளி கேட்டார், கொடுத்தேன். அங்கே விசாரித்துக் கண்டுபிடித்த கிராணி வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கிராணி குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருடம் முதல் படையல் இந்தப் படத்துக்கு முன்தான். முருகன் இவ்வளவாவது காட்டினான்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: இடிக்கும் தேதியை முதலில் விசாரியுங்கள். பெரிய துண்டு ஒன்று கொண்டுபோங்கள், கண்ணாடியைச் சுற்ற உதவும். கண்ணாடி இல்லாத சுண்ணக்கட்டிப் படத்தில் விரல் வைக்காதீர்கள், நிறம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அந்தக் கிராணியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: ஒரு பெண் நேராகப் பார்த்துச் சிரிக்கும் படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதைக் கேட்டு வாங்க வரமாட்டேன். ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது அம்மாவின் முகம்தான் என்று சொல்ல அக்கா ஒருத்திதான் இருக்கிறாள்; அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.