பம்பரத்தின் வலது காது

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்குச் செய்தி வந்தது. தொலைக்காட்சியில் ‘பம்பரம்’ கார்ட்டூன் தொடரின் முகப்புப் பாடல் அப்போதுதான் தொடங்கியிருந்தது, அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. போனில் அக்காவின் கணவர்.

“உங்கக்கா போயிட்டாப்பா” என்றார். பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

என் முகத்தைப் பார்த்து மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். திரையில் கழுதைக்குட்டி ஓசையில்லாமல் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கழுதைக்குட்டிதான் பம்பரம். அந்தத் தொடரில்தான் அக்கா வேலை செய்தாள்.

அடுத்த மாதம் அதே தொலைக்காட்சியில் ‘பம்பரம் பிறந்த கதை’ என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சி. சோபாவில் தயாரிப்பாளர் உட்கார்ந்து தொடரின் ரகசியங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பம்பரத்தின் தும்மல் உண்மையில் ஜலதோஷம் பிடித்திருந்த கணக்காளருடையது. சந்தைக் காட்சியில் வரும் கூட்டம் முழுக்கத் தொப்பி மாற்றிய அதே ஏழு மிருகங்கள். எல்லாக் கதையிலும் வரும் குளம் ஒரே குளம், தண்ணீரின் நிறம்தான் வேறு. இதெல்லாம் உண்மைதான். அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்த விஷயங்கள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பம்பரத்துக்கு வலது காது கேக்காது. அந்தக் காதுலதான் கருவி மாட்டியிருக்கும். அது ஒரு இடத்துலகூட இடது காதுக்கு மாறக் கூடாதுன்னு முதல் நாளே நான் முடிவு பண்ணிட்டேன். குழந்தைங்களுக்கு நாங்க குடுத்த வாக்கு அது.”

பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அணையவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடரை வரைந்து தயாரிக்கும் கூடத்தில் அக்கா காட்சிகளைச் சரிபார்ப்பவள். வரைந்து முடித்த ஒவ்வொரு காட்சியும் அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். எதையும் அவள் நிறுத்தாமல் விட்டதில்லை என்பதால் ‘சுங்கச்சாவடி’ என்று பட்டப்பெயர். பெயரை வைத்தவன் அவளெதிரிலேயே அதைச் சொல்லிக் கூப்பிடுவான். அவளும், “வண்டிய ஓரங்கட்டு” என்று அவன் காட்சியைத் திருப்பி அனுப்புவாள்.

கணினியில் ஒரு பாத்திரத்தை வலப்பக்கம் பார்த்தபடி ஒரே முறைதான் வரைவார்கள். இடப்பக்கம் நடக்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானைத் தட்டி, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிடுவார்கள். பாதி வேலை மிச்சம். ஆனால் திருப்பியதும் வலது காதில் இருந்த கருவி இடது காதுக்குப் போய்விடும். அதைச் சரிசெய்ய, கருவியை முன்னால் தெரியும் காதிலிருந்து எடுத்து, பின்னால் பாதி மறைந்திருக்கும் காதில் புதிதாக வரைய வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமையில்லை. முதல் வருடம் முழுக்க அந்தக் கருவி காதுக்குக் காது தாவிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் முதல் நாளே எடுத்த முடிவின் லட்சணம் அது.

அதை முதலில் கண்டுபிடித்தது என் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவளும் வலது காதில் கருவி அணிபவள்.

“அத்தை, பம்பரம் ரெண்டு பேரா?”

“ஒருத்தன்தான்டி. ஏன்?”

“இல்ல, ஒருத்தனுக்கு என்ன மாதிரி இந்தக் காது. இன்னொருத்தனுக்கு அந்தக் காது. எனக்கு அந்த இன்னொருத்தனப் பிடிக்கல.”

அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அன்றைய கதை முழுவதையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். மறுநாளிலிருந்து, காது மாறிய காட்சி எதையும் வெளியே விடவில்லை.

கூடத்தைச் சுற்றிப் பார்க்க நான் மகளை அழைத்துப்போன அன்று, அந்தச் சண்டை என் கண்ணெதிரிலேயே நடந்தது.

“என்னம்மா இது, மறுபடி திருப்பி அனுப்பியிருக்க?” என்றார் தயாரிப்பாளர்.

“காது மாறியிருக்கு சார்.”

“கழுதைக் காதுதானேம்மா. யாரும் பாக்க மாட்டாங்க.”

“இவ பாத்தா சார்” என்று அக்கா என் மகளைக் காட்டினாள்.

அவர் குனிந்து மகளின் கன்னத்தைத் தட்டினார். “ரெண்டு பம்பரம் இருந்தா உனக்கு நல்லதுதானே கண்ணு?”

மகள் கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு பேருன்னா ஏன் சேர்ந்து வரவே மாட்டேங்கறாங்க? சண்டையா?”

கூடமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரமே அக்காவைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து எடுத்து, பின்னணிக்கு வண்ணம் பூச அனுப்பினார்கள்.

“வானத்த எந்தப் பக்கம் திருப்பினாலும் வானந்தான். அதான் என்னை அங்க போட்டுட்டாங்க” என்று எங்களிடம் சிரித்தபடி சொன்னாள். அவள் கணவர் என்னைத் தனியாக அழைத்து, “ராத்திரி தூங்கறதில்லப்பா” என்றார்.

நியாயம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. தொடரை வாங்கிய அங்குள்ள ஒரு தொலைக்காட்சி, காது மாறுகிறது என்று மொத்தத் தொடரையும் திருப்பி அனுப்பிவிட்டது. அக்கா எத்தனை முறை சொல்லியும் வராத அக்கறை அன்று பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே அவளை இழுத்து வந்து பழைய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. “சீக்கிரம் முடிம்மா” என்றார்கள், அவ்வளவுதான். பழைய கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவளே திருத்தினாள். அவள் கணவர் சலித்துக்கொள்வார்: “அந்தக் கழுதைக் காதுக்குக் குடுக்கற கவனத்துல பாதிய என் பேச்சுக்குக் குடுத்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்.”

“எங்கேயும் போக வேணாம், இங்கேயே இருங்க” என்பாள் அவள்.

கடைசியில் முகப்புப் பாடல்தான் மிஞ்சியது. தினமும் முதலில் வருவது அது. அதை மட்டும் தொடக் கூடாது என்று தயாரிப்பாளர் ஒற்றைக்காலில் நின்றார். ராசியான பாட்டாம். வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்கென்று வேறு பாட்டு எடுத்துக்கொண்டதால் அங்கிருந்தும் நெருக்கடி இல்லை. அக்கா விடாமல் நச்சரித்தாள். “சரி, லீவு நாள்ல வந்து நீயே பண்ணிக்கோ” என்று ஒருநாள் எரிச்சலோடு சொன்னார். அவள் அதையே பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டாள். பாடலில் பம்பரம் இடப்பக்கம் திரும்புவது நான்கு இடங்களில். மூன்றை முடித்துவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறைதான். நான்காவதை முடிக்கக் கிளம்பி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் விழுந்தாள்.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு வாக்குக் கொடுத்த கதை சொன்னார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கணக்காளரின் தும்மலுக்கு நேரம் இருந்தது.

மறுநாள் அவருக்குப் போன் செய்தேன். அவளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நான்காவது இடத்தை முடித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது தம்பி. அக்கா இடத்துக்கு ஆள் வந்தாச்சு, ஆனா புதுக்கதையே மலை மாதிரி கிடக்கு. அந்த ஒரு இடந்தானே, யாரும் பாக்க மாட்டாங்க.”

“நேத்து டிவியில ஒரு இடத்துலகூட மாறாதுன்னு சொன்னீங்களே சார்.”

“அது பேட்டி தம்பி” என்றார்.

அக்காவின் கணவர் இப்போது மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஐந்தரைக்கு என் மகளோடு உட்கார்ந்து பம்பரம் பார்க்கிறார். மகளுக்கு எட்டு வயதாகிவிட்டது. தொடரில் அவளுக்குப் பழைய ஆசை இல்லை, அவருக்காகத்தான் உட்காருகிறாள். முதல் மூன்று இடத்திலும், “அத்தை பண்ணது” என்கிறாள். அவர் தலையசைக்கிறார்.

பம்பரம் ஓடையைத் தாண்டி இடப்பக்கம் குதிக்கும் நான்காவது இடத்தில் கருவி இன்னும் இடது காதில்தான் இருக்கிறது.