ஆளுக்கொரு பெரட்டு

கினிகத்தேனையில் ஒரு கதை உலாவுகிறது. நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் இன்டர்நெட் போய் வருகிறதாம். சோப்புப் பெட்டிக்குள் அடைத்து ரப்பர் பட்டி போட்டு, காலையில் மேலேயிருந்து கீழே, மாலையில் கீழேயிருந்து மேலே. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் போடுகிறார் என்று ஒரு கட்சி, முழு டிக்கெட் என்று எதிர்க்கட்சி. கொழும்புக் கம்பெனி ஒன்றின் ரகசியமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருப்பதாகவும், தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்திதான் கடத்துவதாகவும் மூன்றாவது கட்சி ஒன்று சொன்னது. மூன்றாவது கட்சி எப்போதுமே கொஞ்சம் அதிகம் தெரிந்து வைத்திருக்கும்.

விசாரிக்காமல் எழுதுவது பாவம் என்பதால் பஸ் ஏறினேன்.

பெட்டி நிஜம். கண்டக்டர் வீரய்யாவின் பையில், ஆஸ்துமா மருந்துக்கும் தைத்து முடித்த ரவிக்கைக்கும் நடுவில் கிடந்தது. இந்தப் பாதையில் பஸ் என்பது பாதி தபால்தான்; யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி, உரிய கையில் சேர்ப்பார்கள். டிக்கெட் விவகாரத்தைக் கேட்டேன்.

"சீட்ல உக்காராததுக்கெல்லாம் டிக்கெட் போட்டா எனக்குப் பைத்தியம்னு சொல்லுவாங்க" என்றார் வீரய்யா. உள்ளே என்ன என்று அவர் திறந்து பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் இல்லையாம்.

கடத்தல்காரியின் பெயர் சுலக்ஷனா. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, தோட்டத்துப் புது வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, ஹோட்டல் அறை பதிவு செய்யும் மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறாள். கம்பெனி கொழும்பில். அதே கம்பெனியில் அவளோடு ஜோடியாக வேலை செய்யும் ஃபாஸில் இருப்பது கினிகத்தேனையில், அவனுடைய வாப்பாவின் ஹார்ட்வெயார் கடை மாடியில். அங்கே நல்ல லைன் இருக்கிறது. இங்கே வானம் தெளிந்தால் சிக்னல் வரும். வானம் எப்போது தெளியும் என்று கேட்கக் கூடாது.

கம்பெனியில் எல்லோருடைய வேலையும் ஒரு இணையப் பலகையில் அட்டை அட்டையாக இருக்கும். நெட் இருந்தால்தான் பலகை திறக்கும். எல்லாவற்றையும் கிளவுடில் வையுங்கள் என்பது கொழும்பின் கட்டளை. மலையில் இருப்பவர்களுக்கோ மேகத்தோடு நேரடிப் பழக்கம் உண்டு. அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து, காயப்போட்ட துணியை நனைத்துவிட்டுப் போகும். அதை நம்பி யாரும் ஒரு கைக்குட்டையைக்கூட வைப்பதில்லை.

ஆகவே சுலக்ஷனா தனக்கென்று ஒரு சிறு கருவி எழுதிக்கொண்டாள். செய்ய வேண்டிய வேலை, யோசித்த குறிப்பு, கண்டுபிடித்த பிழை எல்லாம் முதலில் அவளுடைய கணினியிலேயே இருக்கும். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஃபாஸிலின் கணினியிலும் அதே மாதிரி ஒரு பிரதி. சிக்னல் இருந்தால் இரண்டும் தாமாகப் பேசி ஒன்றாகும். இல்லாவிட்டால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பென் டிரைவ் ஒன்று சோப்புப் பெட்டிக்குள் ஏறி, வீரய்யாவோடு பயணம் போகும். கீழே போனதும் ஃபாஸில் கம்பெனிப் பலகையில் ஏற்றிவிடுவான்.

கருவிக்கு அவள் வைத்த பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு, இன்னாருக்கு இந்தத் தேயிலை நிரை என்று கங்காணி பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. கருவியும் காலையில் அப்படித்தான் வேலையைப் பிரிக்கும். வேலைக்கு வராதவருடைய நிரையைப் பக்கத்து ஆளுக்குக் கொடுப்பதும், கொழுந்து முற்றிவிடும் என்று அதை முதலில் பறிப்பதும் தோட்டத்து வழக்கம். அவள் அதையும் விடாமல் எழுதி வைத்தாள். ஒரு நாள் முழுக்கச் சத்தம் இல்லாத ஆள் ஆப்சண்ட். அவர் வேலை அடுத்தவருக்கு, அதுவும் முதலில்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது குழுத் தலைவி பிரியந்தியிடமிருந்து உத்தரவு வந்தது. பிரியந்தி இன்னொரு மலையூரான உடப்புசல்லாவையில் பிறந்து, கொழும்பில் நெட்வொர்க்கோடு வளர்ந்தவர். அடுத்த வெளியீடு நாள் தவறாமல் போக வேண்டும். தவறினால் சுலக்ஷனா கொழும்புக்கு வந்து, அறை எடுத்து, ஆபீஸில் உட்கார வேண்டும்.

சுலக்ஷனாவுக்குக் கொழும்பின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. இந்த மேசையை விட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான். மத்தியானம் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது சோறு போட்டு வைக்க வேண்டும். சாயந்தரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பூப்பந்து ஆட வேண்டும். இதற்கெல்லாம் கம்பெனியில் லீவு வகை கிடையாது.

வெளியீட்டு வாரத்தில் மழை பிடித்தது. பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. டவர் படுத்தது. அணை கட்டி நாட்டுக்கே கரண்ட் அனுப்பும் ஊரில் கரண்ட் விட்டுவிட்டு வந்தது. வந்த நேரமெல்லாம் சுலக்ஷனா வேலை செய்தாள். இரண்டாம் நாள் காலை 'பெரட்டு' ஃபாஸிலுக்கு ஆப்சண்ட் போட்டு, அவனுடைய நிரையை அவளுக்குக் கொடுத்தது. பாவம், அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று அவன் வேலையை முதலில் எடுத்தாள்.

அதே காலையில், கடை மாடியில், 'பெரட்டு' சுலக்ஷனாவுக்கு ஆப்சண்ட் போட்டது. அவனும் பாவம் பார்த்தான்.

மண்ணை அள்ளி, பஸ் ஓடி, சோப்புப் பெட்டி கீழே போய்த் திரும்பிய பிறகுதான் விஷயம் வெளிவந்தது. வரவேண்டிய இருவருமே வந்திருக்கிறார்கள், இருவருக்கும் ஆப்சண்ட். அவள் வேலை முழுவதையும் அவன் செய்திருந்தான், அவன் வேலை முழுவதையும் அவள். இரண்டு பிரதிகளுக்கும் இடையே மோதல் ஒன்றுகூட இல்லை. மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ராசம்மா விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க பெரட்டுல ஒரு கங்காணி. நீ ஆளுக்கொரு கங்காணி வச்சிருக்க. பெறகு ரெண்டு பேரும் ஆப்சண்ட் ஆகாம என்ன ஆகும்?"

வெளியீடு நாள் தவறாமல் போனது. ஆனால் பலகையில் ஏறிய வேலையில் பெயரெல்லாம் மாறிக் கிடந்ததால் பிரியந்தி அழைத்தார். உண்மையை ஒரேயடியாகச் சொல்லித் தொலைப்போம் என்று சுலக்ஷனா பஸ், சோப்புப் பெட்டி, கங்காணி எல்லாவற்றையும் ஒப்புவித்தாள்.

"நீங்க அங்கயே இருங்க" என்றார் பிரியந்தி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு: "அந்தப் பெரட்ட எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். எங்க வீட்டுலயும் சிக்னல் கெடையாது. இத யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

யாரிடமும் சொல்லவில்லை. நான் பத்தியில் எழுதுகிறேன், அவ்வளவுதான். பிரியந்தி என்பது நான் வைத்த பெயர்; நிஜப் பெயர் உடப்புசல்லாவையோடு போகட்டும்.

திரும்பும்போது கடை மாடியில் ஃபாஸிலைப் பார்த்தேன். அவனுக்கு ஒரே ஒரு குறை. அவன் செய்த சுலக்ஷனாவின் வேலையில், திகதி முன்பின்னாக விழும் பிழை ஒன்று அவனைப் பாதி நாள் தின்றுவிட்டது. அவள் செய்த அவனுடைய வேலையோ சும்மா கைதட்டுகிற நேரத்து வேலை.

"தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவாங்களாமே. அப்ப எனக்கு அவ அரைப் பேர் கடன்" என்றான். "அவகிட்ட சொல்லிப் பாருங்களேன்."

போன் போட்டுச் சொன்னேன். அவனுடைய நிரையில் இருந்த பிழைக் களையெல்லாம் பிடுங்கியது யார் என்று முதலில் கேட்கச் சொன்னாள். அதன் பிறகு சிக்னல் போய்விட்டது. இதை எழுதி முடிக்கும்வரை அந்த அரைப் பேர் யார் கணக்கிலும் ஏறவில்லை.