நான் அழித்த தழும்பு

என் மகளின் முதல் வேலையைக் கெடுத்தவன் நான். தெரிந்தேதான் கெடுத்தேன். பழி என் நண்பன் தலையில் விழுந்தபோது பக்கத்தில் வாய்மூடி நின்றேன்.

இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நாளைக் காலை அவளிடம் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒருமுறையாவது சொல்லிப் பழகிக்கொள்கிறேன்...

என் மகள் நிவேதா புகைப்படக்காரி. படிப்பு முடிந்ததும் கேமராவோடு அந்தமானுக்குக் கப்பல் ஏறினாள். அங்கே ஒரு சிறு தீவில், தமிழ் மீனவக் குடும்பங்களோடு தங்கி, அவர்களின் முகங்களைப் படமெடுத்துக்கொண்டு வந்தாள். அது பாதி வேலைதான். அடுத்த முறை வரும்போது அவரவர் படத்தை அவரவர் கையில் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை நம்பித்தான், முதலில் மறுத்த மற்றவர்களும் அடுத்த முறை கேமராவுக்கு முன் உட்காரச் சம்மதித்திருந்தார்கள்.

சென்னையில் வேறு வேலை வந்துவிட்டதால், படங்களை என்னிடம் விட்டுப் போனாள். "இக்பால் அங்கிள் கடையில பிரிண்ட் போட்டு வச்சிடுப்பா. ஒண்ணையும் மாத்த வேணாம். அப்படியே போடச் சொல்லு."

அப்படியே! அவள் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு மேற்பார்வையாளன். வேதியியல் பட்டதாரி. முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி, சூடுபோட்ட தழும்பு... எது கண்ணில் பட்டாலும் அந்தத் தோலைத் தேய்க்கச் சொல்வேன். மேலே நிறம் தெளித்து மூடச் சொல்வேன். குறை தெரியாத தோல்தான் நல்ல தோல். இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

மாதனூரிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் ஒருநாள் அந்தப் படங்களைச் செல்போனில் பெருமையாகக் காட்டினேன். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் குமார் எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், கெழங்கட்டைங்களத் தேடியா உங்க பொண்ணு கப்பல் ஏறிப் போச்சு? நம்ம பஸ்லயே நாலு பேரு கீறாங்களே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று முதல் அந்த முகங்களில் சுருக்கமும் வெடிப்பும் மட்டுமே எனக்குத் தெரிந்தன. எல்லாவற்றையும்விட, முத்தம்மா என்ற பெண்ணின் கன்னத்தில் காதுவரை ஓடிய ஒரு தழும்பு.

என் நண்பன் இக்பாலின் ஸ்டூடியோவுக்குப் போனேன். "எல்லா மூஞ்சியையும் கொஞ்சம் வழவழன்னு பண்ணிடு. இந்தத் தழும்பு இருக்கவே கூடாது."

அவன் தயங்கினான். "பாப்பா அப்படியே போடுன்னு சொல்லிச்சாமே? அப்பறம் பேஜாராய்டும் தோஸ்த்."

"அவ அப்பன் நான் சொல்றேன், செய்."

செய்தான். முடித்ததும், "கெழவியக் குமரியாக்கிட்டேன், பாரு! மாப்ள தேடலாமா?" என்று சிரித்தான். நான் திருப்தியாகத் தலையாட்டினேன்.

அந்த மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேனா? அப்படித்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! என் மகளின் வேலையைப் பார்த்து இன்னொருமுறை எவனும் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். வேறொன்றுமில்லை.

மறுபடி தீவுக்குப் புறப்பட்டவள் ஸ்டேஷனில் வைத்துப் படக்கட்டைப் பிரிக்கப் போனாள். "பிரிக்காதம்மா, ஈரம் புடிச்சிடும்" என்று தடுத்தவனும் நான்தான்.

அவள் அதைத் தீவில்தான் பிரித்தாள். முத்தம்மாவின் வீட்டு வாசலில், எல்லோரும் சுற்றி நிற்க...

"இது நான் இல்லம்மா. நீயே வச்சிக்கோ."

இப்படிச் சொல்லி முத்தம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். கடல் ஊருக்குள் வந்த நாளில் தகரம் கிழித்த தழும்பு அது. இடுப்பில் இருந்த மகனை அன்று அவளால் பிடித்துவைக்க முடியவில்லை. நிவேதா இதை என்னிடம் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து கை கழுவினேன்.

மற்றவர்களும் படங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் ஒருவரும் அவள் கேமராவுக்கு முன் உட்காரவில்லை. படகும் கரையுமாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

வந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு இக்பாலின் கடைக்குத்தான் போனாள். "யார் அங்கிள் உங்கள இதெல்லாம் பண்ணச் சொன்னது? கல்யாண ஆல்பமா இது?"

இக்பால் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். நான் சுவரில் மாட்டியிருந்த யாரோ மணமக்களின் படத்தைப் பார்த்தேன்.

"கைப்பழக்கம்மா... தப்பாய்டுச்சு. மன்னிச்சுக்கோ" என்றான் அவன்.

திரும்பும்போது பைக்கில் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "நீயாவது கூட இருந்திருக்கலாம்லப்பா."

கூடத்தான் இருந்தேன்! கூடவேதான் இருந்தேன்... இதைச் சொல்லாமல் பைக்கை விரட்டினேன்.

இப்போது அவள் மனிதர்களைப் படமெடுப்பதில்லை. கட்டடங்கள், பாத்திரங்கள், கடை விளம்பரங்கள். கேட்டால், "ஆளுங்க மூஞ்சியப் பாக்கவே பயமா இருக்குதுப்பா" என்கிறாள். இக்பாலின் கடைப்பக்கமே போவதில்லை. அவனோ என்னைப் பார்த்தால் இன்றும், "டீ சாப்புட்றியா?" என்று கேட்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை அவள் ரயிலில் வருகிறாள். ஸ்டேஷனிலிருந்து நேராக இக்பாலிடம் அழைத்துப் போவேன். அவன் முன்னால் வைத்துச் சொல்வேன். மன்னிப்பைக் கேட்டு அவளைச் சங்கடத்தில் நிறுத்த மாட்டேன். அவள் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும். முத்தம்மாவிடமும் நானே போய்ச் சொல்வேன், அந்தத் தீவுக்கு எப்படிப் போவதென்று என் மகள் அதன்பிறகும் என்னிடம் சொன்னால்.

நேற்று இக்பாலிடம் முத்தம்மாவின் படத்தை மறுபடி பிரிண்ட் போட்டு வாங்கினேன். எதையும் மாற்றாமல், அப்படியே. இப்போது என் மடியில் இருக்கிறது.

தோலில் குறை தேடித் தேடிப் பழகிய என் கட்டைவிரல் அந்தக் கன்னத்துக்கே போகிறது. எடுத்தால் மறுபடி போகிறது. தாள் வழவழப்பாகத்தான் இருக்கிறது... ஆனாலும் அந்தத் தழும்பு விரலில் தட்டுகிறது.