பின் சீட்டில் படுத்துப் பார்த்த மாமா

மாமாவின் வேனில் கியர் மாறும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே அது முதுகுக்கு வந்துவிடும். நல்ல முதுகோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. தலை லேசாக ஆடும், பேசிக்கொண்டிருந்த பேச்சு ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான். பின் சீட்டில் மெத்தை விரித்துப் படுத்திருந்த என் அம்மாவுக்கு அப்படியில்லை. நமுனுகுலையிலிருந்து பசறைக்கு இறங்கும் ஒரு வளைவில் அந்த 'டொக்' விழுந்தபோது, கத்திவிடக் கூடாதென்று வாயில் கடித்திருந்த துண்டையும் தாண்டி அவள் போட்ட சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். மாமா வண்டியை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணாடியில் பார்த்தார். அம்மா துண்டை எடுத்துவிட்டு, "தம்பி, வண்டியத் திருப்பு. இனிமே நான் வரல" என்றாள்.

அம்மா தேயிலை மலையில் கொழுந்து பறித்தவள். ஒரு மழை நாளில் நிறைந்த சாக்கோடு வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, முதுகெலும்பில் வெடிப்பு. பதுளை ஆஸ்பத்திரியில் பல நாள் படுத்திருந்து வீட்டுக்கு வந்தபோது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வாரா வாரம் தவறாமல் பயிற்சிக்குக் கூட்டி வந்தால் நடப்பார், விட்டுவிட்டால் படுக்கைதான், அப்புறம் யார் வந்தும் பிரயோசனமில்லை என்று. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பதுளைக்குப் படுத்தபடி போக ஒரே வழி மாமாவின் வேன். ஆக, அம்மா எழுந்து நடப்பதா வேண்டாமா என்பதை அந்த வேனின் கியர் பொக்ஸ் தீர்மானிக்கிற நிலைமைக்கு வந்து நின்றோம். கேட்டால் சிரிப்பாகக்கூட இருக்கும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமாவை அடிக்கலாம் போல் ஆத்திரம்தான் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பாதி வாழ்க்கையைக் கொழுந்து லொறியில் கழித்தவர். கொழுந்தை ஏற்றிக்கொண்டு சேற்றிலும் பனியிலும் தோட்டத்துப் பாதையில் இறங்கி, ஒரு கீறல் இல்லாமல் ஃபேக்டரி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் எந்த வளைவில் எந்த கியர் என்றுதான் பேச்சு. "என் கை பட்டா வண்டி தானா கேக்கும்மா" என்பார். அப்படிப்பட்டவர் பென்சன் வாங்கிய பிறகு வாடகைக்கு ஹயர் ஓடுவதற்கென்று வாங்கியது, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஒரு பழைய ஜப்பான் வேன். விலை தோதாக வந்ததால் வாங்கிவிட்டாரே தவிர, அதன் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. கைக்கு வேலை இல்லாத வண்டி ஒரு வண்டியா என்று வாங்கிய நாளிலிருந்து முனகிக்கொண்டேதான் ஓட்டினார்.

அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. வாய் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. "உங்க வண்டிய உர மூட்டை ஏத்த வச்சுக்குங்க மாமா, மனுசரை ஏத்தாதீங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மாமா கோபப்படுவார், அதைச் சாக்காக வைத்து இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி பண்ணிட்டு வாறேன். அதுவரைக்கும் அக்காவ வற்புறுத்தாத" என்று மட்டும் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: கியர் பெட்டி போயிருச்சு, வேற பெட்டி போடு. பதுளையில் மாமாவுக்குப் பழக்கமான ஒரு கராஜ்காரர் இருந்தார். முஸ்லிம் ஆள், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். உண்மையைச் சொன்னால், மாமா வேலையை முடிக்காமல் திரும்பிவிடக் கூடாதே என்று காவலுக்குப் போனேன். நானா பெட்டியைக் கழற்றுகிற பேச்சையே எடுக்கவில்லை. வண்டியைச் சூடாக ஓடவிட்டு, கியர் ஒயில் பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி கறுத்திருந்தது. முகர்ந்தால் கருகின வாடை. "இதுல எப்படி மச்சான் நயமா மாறும்?" என்று கேட்டார். கீழே ஒயில் தங்கும் தட்டைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புச் சேற்றைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, அந்தப் பெட்டிக்கு உரிய ஒயிலைத்தான் ஊற்றினார். ஒரே தடவையில் பழையது முழுக்க வெளியே வராது, கொஞ்ச நாள் ஓடிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

மூன்று பேருமாகப் பசறை ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். மாமா ஓட்டினார். ஏற்றத்தில் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, எப்போது மாறியது என்றே தெரியவில்லை. மாமாவின் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. "பாத்தியாம்மா?" என்று என்னைப் பார்த்தார். மேட்டைத் தாண்டி இறக்கத்தில் முதல் வளைவுக்கு வந்தோம். டொக். அவர் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி அம்மாவிடம் போய் என்ன சொல்வது?

மாமா அப்போது செய்ததுதான், அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "நானா, கொஞ்சம் நீங்க ஓட்டுங்க. நான் அக்கா படுக்குற எடத்துல படுத்துப் பாக்குறேன். அவளுக்கு எங்கன அடிக்குதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். தன் வண்டியின் சாவியை இன்னொருவர் கையில் கொடுக்காத மனுஷன். கட்டியிருந்த சாரத்தை மடித்துக்கொண்டு, பின் சீட்டில் அம்மாவின் மெத்தையில் ஏறி, அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக் காலை மடக்கிப் படுத்தார். அம்மா பிடிக்கும் கம்பியையே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். அடி விழப் போகிறது என்று காத்துக் கிடந்தார். நானா மேட்டுக்கு ஏற்றி, மறுபடி அதே இறக்கத்தில் இறக்கினார். முதல் வளைவு போனது, இரண்டாவது வளைவு போனது. சத்தமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இப்போதுதான் ஒயில் வேலை செய்கிறது என்று நினைத்தேன். பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நிப்பாட்டுங்க நானா. நீங்க எறக்கத்துல நியூட்ரல் போடலையா?"

நானா திரும்பிப் பார்த்தார். "எதுக்கு மச்சான் நியூட்ரல்? டிரைவ் 'டீ'யில வச்சா வச்சதுதானே."

எங்கள் மலைநாட்டு லொறிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவார்கள். டீசல் எண்ணெய் மிச்சம் என்று நினைப்பு. வளைவு வந்ததும் மறுபடி கியரில் போடுவார்கள். மாமாவின் இடது கையும் இத்தனை வருஷமாக, அவர் நினைக்காமலேயே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. லொறி அதைப் பொறுத்துக்கொண்டது. இந்த வேன் வேறு ஜாதி. உருண்டோடும் வேகத்தில் அதைத் திடீரென்று 'டீ' கியருக்குத் தள்ளும்போதெல்லாம் பெட்டி திடுக்கிட்டு இடித்தது. இடித்து இடித்துத்தான் ஒயிலும் அவ்வளவு சீக்கிரம் கருகிப்போனது. நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று மாமா மறுபடி தான் ஓட்டி, என்னைப் பின்னால் படுக்கச் சொன்னார். கையைத் தன் பழக்கத்துக்கே விட்டார். வளைவில் விழுந்த அடியில் "அம்மா" என்று என்னை அறியாமல் வாய்விட்டுக் கத்தினேன். எனக்கு முதுகில் ஒரு குறையும் இல்லை, அப்போதே இப்படி. மாமா ரோட்டோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வண்டி ஒண்ணும் பண்ணல. நான்தான் அவள இத்தன நாளா அடிச்சிருக்கேன்" என்றார். நானா சமாதானம் சொல்ல வாயெடுத்தார், மாமா கேட்டுக்கொள்ளவில்லை.

நான் ஆசிரியை. பிழையை ஒத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளிடம் மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. பெரியவர்களிடம் அதை எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒயில் மாற்றினோம், சரியாகிவிட்டது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. நான்கூடக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன். அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கட்டில் ஓரத்தில் நின்று, முழுவதையும் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, "ஏண்டா, எண்ணெ மிச்சம் புடிச்சியா?" என்றாள்.

"ஆமாக்கா."

"எம் முதுகுல புடிச்ச மிச்சத்துல உம் பொஞ்சாதிக்கு என்னடா வாங்கிக் குடுத்த?"

மாமா தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வைக்காதடா, வலிக்குது" என்றாள். விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த பயிற்சி நாளில் அம்மா வந்தாள். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, நானா சொல்லிக் கொடுத்தபடி இரண்டில் போட்டுக்கொண்டு, மாமா தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். வளைவுக்குத் தேவைப்பட்டால் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார், வளைவு முடிந்ததும் கை மறுபடி தொடைக்கு அடியில் போய்விடும். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் கத்தினான். லொறி ஓட்டிய காலத்து ஆட்கள் முந்திப் போகும்போது எட்டிப் பார்த்து, என்ன அண்ணே லைசன்ஸ் புதுசா என்று கிண்டல் பண்ணினார்கள். அந்த ரோட்டில் ராஜா மாதிரி திரிந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நத்தையாக ஊர்ந்தார். பசறை டவுனில் நிறுத்தி, "அக்கா சத்தமே காணோம், பாரும்மா" என்றார் பயந்துபோய். எட்டிப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாரா வாரம் அப்படியே போய் வந்தோம். அந்த வருஷம் முடிவதற்குள் அவள் முதலில் கம்பியைப் பிடித்து நின்றாள், அப்புறம் ஊன்றுகோலோடு, கடைசியில் அதுவும் இல்லாமல் நடந்தாள்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் கண் மங்கத் தொடங்கியதும், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே மாமா ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வேனை விற்றாகிவிட்டது. இப்போது கொஸ்லந்தையில் மகள் வீட்டில் இருக்கிறார். அம்மா மாதா மாதம் தம்பியைப் பார்க்கப் போகிறாள். கார் பிடித்துத் தருகிறேன் என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பஸ் மாறி மாறிப் போய் இறங்கி, ரோட்டிலிருந்து அந்த மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க வாங்க ஏறுவாள். கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுவாள். மாமா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். யார் வருகிறார்கள் என்று காலடிச் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும், அவள் படியேறி முன்னால் வந்து நிற்கும் வரைக்கும் பொறுத்திருந்து கேட்பார்: "எப்படிக்கா வந்தே?"

"நடந்து வந்தேண்டா" என்பாள் அம்மா.