வெயிலை நம்பாத கண்ணாடிக்காரர்

கண்ணாடிக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால் வாங்கினால் மோந்து பார்ப்பார், பால்காரரையும் சேர்த்து.

ஊர் ஊராக வேனில் போய் மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்வதும் விற்பதும்தான் தொழில். எந்த மூஞ்சிக்கு எந்த ஃப்ரேம் என்று பார்த்துச் சொல்வது மட்டும் மனைவி பொறுப்பு. ஆனால் அந்தம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக டாக்டர் கண்டுபிடித்து, இனிமேல் மெஷினை மாட்டிக்கொண்டுதான் கண்ணை மூடவேண்டும் என்று சொல்லிவிட்டார். வேனில் கரண்டுக்கு எங்கே போவது? அந்தம்மா வீட்டோடு சரி. இவர் தனியாகப் போய் மாட்டிவிட்டதில் பாதிச் சனம் ஆந்தையாகித் திரும்பியது.

"நானும் வரேங்க. இங்க சுவத்தப் பாத்துப் பாத்து எனக்கே பெயிண்ட் உரியுது," என்றார் மனைவி.

கண்ணாடிக்காரருக்கும் ஆசைதான். அதனால்தான் சந்தேகம் இரண்டு மடங்கானது. கரண்ட் பாதித் தூக்கத்தில் காலை வாரினால் போவது வியாபாரம் இல்லையே, அவள் மூச்சு.

முதலில் ஜெனரேட்டர் பார்த்தார். "சத்தமே வராது சார்!" என்று கடைக்காரர் கத்தினார். கத்தினதால்தான் காதில் விழுந்தது.

"புகை?"

"வெளிய போயிடும் சார்."

"போன புகை ஜன்னல் வழியாத் திரும்பி வராதுன்னு நீ வந்து காவல் இருப்பியா?" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்தது சூட்கேஸ் மாதிரி ஒரு பவர் பாக்ஸ். இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அதுவே திரையில் காட்டியது. கண்ணாடிக்காரர் அதை முறைத்தார். "இவனே பரீட்ச எழுதி இவனே மார்க் போட்டுக்கறான்!"

மிச்சம் மச்சினன்தான். வேன் கூரையில் சோலார் பேனல், சீட்டுக்கு அடியில் பேட்டரி என்று அவனே மாட்டிக் கொடுத்தான். சொந்தக்காரன் சரக்கு, ஏமாந்தால் வெளியில் சொல்லிப் புலம்பவும் முடியாது.

"முதல்ல காலி பண்ணு. வெயில் நிரப்பட்டும், அப்புறம் நம்பறேன்," என்றார்.

ஃபேனை ஓடவிட்டு பேட்டரியைச் சுத்தமாக வற்ற வைத்தார்கள். மறுநாள் காலையில் வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மத்தியானம் மனைவியை உள்ளே தூங்கச் சொன்னார். மெஷின் உஸ்ஸென்று மூச்சு விட்டது. இவர் பக்கத்திலேயே குந்தி, திருடனைப் பார்ப்பதுபோல் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டித் தூக்கம்கூட முடியவில்லை, மெஷின் அடங்கிவிட்டது. பதறி மனைவியை உலுக்கி எழுப்பினார். அந்தம்மா கண்ணைத் திறந்ததும் மச்சினன் மேல் குரலை உயர்த்தினார்.

"டேய்! உங்கக்கா உசுருலயா விளையாடற? டுபாக்கூர் பேனல்!"

மச்சினன் ஓடி வந்தான். "மாமா, புத்தம் புதுசு மாமா!"

"புதுசா ஏமாத்தக் கத்துக்கிட்ட!"

மனைவி முகமூடியைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து மேலே பார்த்தார். வேனுக்கு மேல் தெருவிலேயே பெரிய மரம் குடை பிடித்து நின்றது. இலை இடுக்கில் கசிந்த இத்தனூண்டு வெயில்தான் பேனலில்.

"ஏங்க, இங்கயா நிறுத்துனீங்க?"

"பின்ன? வெயில்ல நிறுத்துனா வேன் அடுப்பா கொதிக்கும். நீ எப்படித் தூங்குவ?"

தலையிலடித்துக்கொள்ளப் போன மச்சினன், அக்காவின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். அந்தம்மா எங்கேயோ பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "தூசி," என்றார்.

கூரைப் பேனல் இறங்கியது. மடக்கிப் பிரிக்கிற பேனலும் நீளமான ஒயரும் வந்தன. வேன் நிழலில், பேனல் வெயிலில். இந்தத் தடவை பேட்டரி நிரம்பியது. மெஷின் விடிய விடிய ஓடியது. கண்ணாடிக்காரர் விடிய விடிய அதைச் சந்தேகப்பட்டார்.

இப்போது இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். ஆந்தைகள் குறைந்துவிட்டன. அந்தம்மா மத்தியானம் உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறார். வெளியே யாராவது பேனலை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் காவல் உட்கார்ந்திருக்கிறார் கண்ணாடிக்காரர். ஒரு காதைத் தெருவுக்கும் ஒரு காதை அந்த உஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டு.