பர்மனென்ட் ஆன அன்று வெடித்த சரம்

போன வாரம் எதிர் குவார்ட்டர்ஸ் பையனுக்கு வேலை பர்மனென்ட் ஆனது. காலையிலேயே வாசலில் ஆயிரம் வாலா வெடித்தார்கள். புகை எங்கள் ஜன்னல் வழியாக அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. கேசரி கொண்டுவந்த பையனுக்குக் கை கொடுத்து வாழ்த்தத்தான் செய்தேன். ஆனால் முகம் சரியில்லை போலிருக்கிறது. “பிள்ளை சந்தோஷமா வந்து நிக்கான், நீங்க ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி. வெடிமருந்து வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தேன். கோவில்பட்டிக்காரன் சொல்கிற பேச்சா அது! எங்கள் பக்கத்தில் சடங்கு, சாவு, எலெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் வெடிதான். வெற்றிலை பாக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சரம் இருக்க வேண்டும்.

அந்த வாசனையோடு எனக்கு இன்னொரு வாடையும் சேர்ந்தே வரும். மீன் கவுச்சியும் பறவை எச்சமும் ஈர மண்ணும் கலந்த வாடை. அதைச் சொல்ல வேண்டுமானால் ஏரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நெய்வேலிக்கு வந்த புதிதில் நான் பம்ப் செக்‌ஷனில் டிரெய்னி. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளினால்தான் கரி வெட்ட முடியும். அதில் ஒரு பங்கு டவுன்ஷிப் ஓரத்தில் இருந்த ஏரிக்குப் போனது. ஏரியைப் பார்க்கும்போதெல்லாம் நானே வாளியில் மொண்டு ஊற்றியதுபோல எனக்கு ஒரு பெருமை. கரையைச் சுற்றிப் பூங்கா, ஊஞ்சல், பெடல் போட். தெற்கு மூலையில் மட்டும் கருவேல மரங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் அங்கே வந்து கூடு கட்டும். தை மாதத்தில் போனால் இலை தெரியாது, குஞ்சுகளின் கத்தல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் கூட்டம் வரும். பாட்டுப் பெட்டி அலறும். மிச்சச் சோறும் பாலிதீன் பையும் தண்ணீரில் மிதக்கும். பறவை பறந்தால்தான் போட்டோ நன்றாக வரும் என்று கல்லை விட்டெறிகிறவர்களும் உண்டு. இத்தனை பேருக்கும் எதிராக இருந்தது ஒரே ஓர் ஆள், அஞ்சலையக்கா. பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமம். கான்ட்ராக்டில் பூங்கா கூட்டும் வேலை. பறவையைக் காப்பது அந்த வேலையில் சேர்த்தி இல்லை. ஆனாலும் அந்தக் கருவேல மூலைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி, பழைய சேலைத் துணியைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்.

“அந்தாண்ட போவாதீங்க. மரத்துல பெரிய தேனடை இருக்குது. போன வாரம்கூட ஒருத்தர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனாங்க” என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தேனடையும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். “பறவைன்னா கல்ல எடுக்கறாங்க தம்பி. தேனீன்னா ஓடறாங்க.”

ஷிப்ட் முடிந்து நான் அங்கே போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. உச்சி வெயிலில் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அதை எனக்குக் காட்டியது அவர்தான். “பாருங்க, நம்மளுக்கு இந்தப் பொறுமை வருமா?” என்பார். எனக்கு வராது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

பொங்கல் கழிந்து பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ரூம்மேட் சுந்தரமும் எங்கள் ஊர்க்காரன். கட்டிலுக்கடியில் எப்போதும் வெடி வைத்திருப்பான். “ஏலே, சரம் போடாம என்னலே பர்மனென்ட்டு?” என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்துப் பேர் பிரியாணிப் பொட்டலங்களோடு பூங்காவுக்குப் போனோம். எங்கும் கூட்டம். காலியாக இருந்தது கயிற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான். மற்றவர்கள் தேனடைக்குப் பயந்து தயங்கினார்கள். அந்தக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தவன் நான்தான். “தேனடையெல்லாம் சும்மாலே, வாங்க.”

விளக்குமாற்றோடு அக்கா ஓடி வந்தார். “வெடி வேணாம் தம்பி, குஞ்சுங்க இன்னும் பறக்கல தம்பி.”

சுந்தரம் நெருப்புப் பெட்டியோடு என் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் தலையசைத்திருந்தால் போதும், வைத்திருக்க மாட்டான். பத்துப் பேர் முன்னால் ஒரு கூட்டுகிற அம்மாவின் சொல்லைக் கேட்பதா என்று புது பர்மனென்ட் புத்தி. “ஒரே ஒரு சரம்தான்க்கா” என்றேன்.

சரம் வெடித்து முடிவதற்குள் மரங்கள் காலியாகிவிட்டன. வானம் முழுக்க இறக்கை. பயந்து கூட்டின் விளிம்புக்கு வந்த குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. காக்கைகளும் நாய்களும் எங்கிருந்து வந்தனவோ. அக்கா ஓடி ஓடி முந்தானையில் பொறுக்கினார். நாங்கள் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்ச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

பெரிய பறவைகள் அன்றைக்கும் திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. கூட்டில் மிஞ்சிய குஞ்சுகளின் கத்தல் மூன்றாம் நாள் நின்றுவிட்டது. பூங்கா சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டு, வெடித்தது யார் என்று கேட்டாராம். “ஞாயித்துக்கெழம கூட்டம்ங்க, யாருன்னு பாக்கல” என்றாராம் அக்கா. கவனிக்காமல் விட்டதற்காக அவரை மார்க்கெட் ரோடு கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். என் பெயர் வரவில்லை என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அதன்பின் மார்க்கெட் ரோட்டில் அவரைத் தூரத்தில் கண்டாலே சைக்கிளை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

அடுத்த ஐப்பசியிலும் மழை பெய்தது. தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு கூடுகூட இல்லை. இப்போது அந்த மூலையில் கம்பிவேலி போட்டு, ‘பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் போர்டு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

சென்ற வருடம் வடலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். நன்றாக வயசாகிவிட்டது. காடாம்புலியூரில் மகள் வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். இந்த முறை எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னைக்கு ஏன்க்கா என் பேரைச் சொல்லல?” என்று கேட்டேன். இத்தனை வருடம் கழித்துக் கேட்கிற கேள்வியா!

“சொன்னா ஆர்டர கிழிச்சிடுவாங்களே தம்பி. போன வேல திரும்பி வராது. பறவைங்க அடுத்த மழைக்கு வந்துடும்னு நெனச்சேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அதுக்கப்பறம் மனசு கேக்காம நான் அந்தப் பக்கமே போவல. வந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

“வரலக்கா” என்றேன்.