கடைக்குத் திரும்பாத பைகள்

அடுத்தவர் பைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் மடியில் ஒரு பை இருந்தால் போதும். உள்ளே முருங்கைக்காயா, மருந்தா, மகள் வீட்டுக்குப் போகும் முறுக்கா என்று தெரியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. பை தைக்க வந்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

நியாயமான காரணமும் ஒன்று உண்டு. திருவாரூரில் ஒரு தையல் கடையில் பல வருடம் ஜாக்கெட் தைத்தேன். ஒருநாள் முதலாளியம்மாவோடு பேச்சு முற்றி, "இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய்க்கொழுப்புதான். ஆனால் சொன்னது சொன்னதுதான், திரும்பிப் போக முடியாது. வீட்டில் ஒரு தையல் மிஷின் மட்டும் இருந்தது.

நன்னிலத்தில் எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய்தான் முதல் ஆர்டர் கொடுத்தார். "அம்பது துணிப்பை தச்சுக் குடும்மா. வழக்கமா வர்றவங்களுக்குச் சும்மா குடுக்குறேன். அதையே திரும்ப எடுத்துக்கிட்டுக் கடைக்கு வந்தாங்கன்னா, தொடர்ந்து உங்கிட்டயே வாங்குறேன். வரலன்னா இதோட விட்டுடலாம்" என்றார்.

காடாத் துணி வாங்கினேன். வெறும் பையை யார் மதிப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, கும்பகோணம் போய் ஒரு பக்கம் மகாலட்சுமி படம் அச்சடித்து வாங்கி வந்தேன். தாமரை, நெற்கதிர் எல்லாம் சேர்த்துப் படம் அமர்க்களமாக வந்திருந்தது. பாய் ஒரு பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு பைகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தார்.

ஐம்பதும் இரண்டே நாளில் காலி. ஒரு மாதம் ஆயிற்று. கடைக்கு ஒரு பைகூடத் திரும்பி வரவில்லை.

எனக்குப் பயம் பாதி, ஆவல் பாதி. ஐம்பது பையும் எங்கேதான் போயிருக்கும்? வாங்கியவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள்தான். பால்கணக்கு கேட்பவள் மாதிரி ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தேன்.

முதல் வீட்டில் பை பூஜை அலமாரியில் மாட்டியிருந்தது. மகாலட்சுமி நெற்றியில் குங்குமம் வேறு. அடுத்த வீட்டில் அது பீரோவுக்குள் இருந்தது. வீட்டுப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் ஜாதகம் எல்லாம் அதில். இன்னொரு வீட்டில் கல்யாணப் பட்டுப்புடவை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பை தைக்கப் போய் அது சாமியாய் முடிந்துவிட்டது.

நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார். "லட்சுமிய வரப்புல, சேத்துல வைக்க முடியுமா தங்கச்சி? அதுல போயி எப்படிக் கருவாடு வாங்குறது?"

"அப்ப எதுலக்கா வாங்குறீங்க?"

உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். உரச்சாக்கை வெட்டி, கோணி ஊசியால் அவரே தைத்தது. அடி அகலமாக இருந்தது, சோற்றுத் தூக்கு சாயாமல் நிற்க. காது நீளமாக இருந்தது, முழங்கையில் மாட்டிக்கொள்ள. நான் டேப்பை எடுத்து அளந்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதப் போயி யாராச்சும் அளப்பாங்களா?"

பாயிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டு, "எனக்கு மொத நாளே தோணுச்சும்மா" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"லட்சுமி படம் வேணாம்னு நான் சொன்னா வேற மாதிரி ஆயிடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வாயை அடைத்ததும் என் படம்தான் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கட்டுமா பாய்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சரி, அம்பது" என்றார்.

இந்த முறை மண் நிறத் துணி, அகல அடி, நீளக் காது. படம் கிடையாது, பூகூடக் கிடையாது. கொடுத்த பிறகு தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடையில் போய் நின்றேன். ஒரு வாரம் யாரும் கொண்டு வரவில்லை. இதுவும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்தது.

எட்டாம் நாள் காலை, எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெண் வந்து சேறு காய்ந்த ஒரு பையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். என் பை! மீன் கவிச்சி அடித்தது. ஒரு காது பிய்ந்து, கறுப்பு நூலால் தாறுமாறாக ஒட்டுத் தைத்திருந்தது.

"சீனி ரெண்டு கிலோ, இதுலயே போடுங்க பாய்" என்றாள். "யாரு தச்ச பையோ, ஒரே வாரத்துல காது பிஞ்சு போச்சு. நானே தச்சுக்கிட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். தைத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் அதைத் தூக்கி எறியவில்லை. உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துத் தைத்திருக்கிறாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மிளகாய் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் போனதும் பாய் சொன்னார், "காதுக்கு இன்னும் ரெண்டு தையல் சேத்துப் போட்டு, நூறு கொண்டாம்மா."